விசிலுக்கு முன்னும் பின்னும்



குறுவட்டப் போட்டியில் நம் பள்ளிப் பெண்கள் கபடி அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது எல்லோருக்கும் தெரியும். "அம்பயர் ஏமாத்திட்டாரு" என்று ஊரெல்லாம் சொன்னது நாங்கள்தான். இப்போது அதே வாயால் வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசி நிமிடத்தில் எங்கள் அணி அக்கா பாடிப் போய், போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார். நடுவர் புள்ளி தரவில்லை. நாங்கள் கத்தினோம். அவர் காதிலேயே வாங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார். பஸ்ஸில் எட்டாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி, "இனிமே நான் கபடிக்கே வரமாட்டேன்" என்று அழுதாள்.

அன்று எங்களுடன் வந்தது தமிழம்மா. மறுநாள் விளையாட்டு சாரிடம் கேட்டோம். எதிரணியில் ஆறு பேராவது களத்தில் இருந்தால்தான் போனஸ் உண்டாம். அன்று இருந்தது ஐந்து பேர். ஆக, நடுவர் செய்ததே சரி! நம் மைதானத்தில் போனஸ் கோடு போட்டு நாங்கள் ஆடியதே இல்லை. எங்களுக்கு எப்படித் தெரியும்?

நடுவர் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது சரி என்று தோற்றவருக்கும் புரிய வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு விசில் ஊதும் நேரம் மட்டும் பத்தாது.

ஆட்டத்துக்கு முன்:
1. களத்தைச் சுற்றி நடந்து கல், முள் பார்க்க வேண்டும்.
2. நகம், வளையல், கொலுசு, உடம்பில் எண்ணெய் இருக்கிறதா என்று இரண்டு அணியையும் ஒரே மாதிரி சோதிக்க வேண்டும்.
3. டாஸ் போடும்போதே இரு கேப்டன்களிடமும் போனஸ், லாபி, 30 விநாடிக் கணக்கு ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும்.
4. ஒரு பள்ளி ஆசிரியரோடு மட்டும் உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாது. மனதில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்.

ஆட்டத்துக்குப் பின்:
ஸ்கோர் தாளை இரு கேப்டன்களுக்கும் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். மரியாதையாகக் கேட்டால் ஒரு நிமிடம் காரணம் சொல்லலாம். அந்த ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் அந்தத் தங்கச்சி அழுதிருக்க மாட்டாள்.

நம் மேலும் தப்பு இருக்கிறது. காலையிலிருந்து வெயிலில் நின்றவருக்கு நாம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தோமா? கேப்டன் கேட்க வேண்டியதை ஏழு பேரும் சேர்ந்து கத்தினோம். அதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

திருக்குறளில் 12-ஆவது அதிகாரம் நடுவு நிலைமை. அதிலிருந்துதானே நடுவர்! நம் பள்ளி விளையாட்டு விழாவில் விசில் பிடிக்கப்போகும் அண்ணன்களும் அக்காக்களும் இதை ஆரம்பித்து வைக்கலாமே? அந்தத் தங்கச்சியை மறுபடி களத்துக்கு அழைத்துவர நான் ரெடி.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி