கழுத்து அறுவைக்கு அஞ்சவேண்டுமா?



பிப்ரவரி 3-ஆம் நாள் புனித பிளேசியார் திருநாள். அன்று இரு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகச் சேர்த்துத் தொண்டையருகே பிடித்து ஆசி வழங்குவது நம் திருச்சபையின் பழைய வழக்கம். ஆரணியில் அவ்வாறு ஆசி வழங்கி முடித்த ஒரு மாலையில், பட்டு நெசவு செய்யும் அன்பர் ஒருவர், எல்லாரும் கலையும்வரை காத்திருந்து, மனைவியுடன் என்னிடம் வந்தார்.

"சாமி, நாக்கின் ஓரத்தில் நாலு மாதமாக ஆறாத புண். புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். புண் இருப்பது நாக்கில்; டாக்டரோ கழுத்தையும் திறக்கவேண்டும் என்கிறார். கழுத்தில் கட்டி ஒன்றுமே இல்லை. கத்தி பட்டால் நோய் பரவும் என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். இந்த ஆசியே போதாதா?" என்று கேட்டார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஆசி மருத்துவத்திற்கு மாற்று அன்று. மருத்துவரிடம் செல்வதற்கான துணிவைத் தருவது என்றேன். ஆயினும் கழுத்தை ஏன் திறக்கவேண்டும் என்னும் அவரது கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. அடுத்த வாரம் அவருடன் மருத்துவரிடம் சென்றேன். அங்கே கேட்டறிந்ததையும், பின்னர்ப் படித்தறிந்ததையும் உங்களுக்கும் கூற விழைகிறேன்.

காலில் புண் கண்டால் தொடையிடுக்கில் நெறிகட்டுவதை நாம் அறிவோம். அதுபோலவே வாயிலிருந்து வரும் நிணநீர் கழுத்திலுள்ள சிறு கணுக்களின் வழியே செல்கிறது. வாய்ப்புற்றின் நுண்ணிய அணுக்கள் முதலில் அங்கேதான் தங்கும். கைக்கும் கண்ணுக்கும் புலப்படுமுன்னரே அவை அங்கு குடியேறியிருக்கலாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், கழுத்தில் கட்டி தோன்றாத, தொடக்க நிலை வாய்ப்புற்று நோயாளரிடையே நடந்த ஆய்வொன்று 2015-இல் வெளியாயிற்று. வாய் அறுவையுடன் கழுத்துக் கணுக்களையும் அகற்றிக்கொண்டோருள், மூன்றாண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் 80 விழுக்காடு. கட்டி தோன்றியபின் பார்த்துக்கொள்ளலாம் எனக் காத்திருந்தோருள் 67.5 விழுக்காடு. கத்தி பட்டால் நோய் பரவும் என்பது பொய். காத்திருந்தால் பரவும் என்பதே மெய்.

இந்த அறுவையை முறைப்படுத்தி 1906-இல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கிரைல். அக்காலத்தில் கணுக்களோடு கழுத்தின் பெருந்தசை, பெரிய இரத்தக்குழாய், தோளை உயர்த்தும் நரம்பு ஆகிய மூன்றையும் நீக்கினர். பின்வந்த அறிஞர்கள், நோய் தொடாதவிடத்து இம்மூன்றையும் காக்கலாம் எனக் காட்டினர். எனவே, "என் தோள் நரம்பைக் காக்க இயலுமா?" என்று முன்னதாகவே கேளுங்கள். கையால் உழைத்து உண்பவர் கேட்கவேண்டிய கேள்வி இது. நோய் நரம்பைப் பற்றியிருப்பின் மருத்துவர் அதனை நீக்கவும் நேரலாம்.

அறுவைக்கு முன் புகையிலை, பாக்கு, பீடி அனைத்தையும் விட்டுவிட வேண்டும். விட்டால்தான் காயம் நன்கு ஆறும். அறுவை மயக்க நிலையில் சில மணி நேரம் நடைபெறும். விழித்தெழும்போது, கழுத்தில் தேங்கும் நீரை வெளியேற்ற மெல்லிய குழாய்கள் பொருத்தப்பட்டிருக்கும். நீர் குறைந்ததும், சில நாட்களில், அவற்றை எடுத்துவிடுவர். நாக்கிலும் அறுவை நடந்திருப்பதால், சில நாட்கள் மூக்கின் வழியே குழாயிட்டு நீர்த்த உணவு தருவர். பெரிய அறுவையாயின் மூச்சுக்குத் தொண்டையில் தற்காலிகமாகத் துளையிடுவதும் உண்டு. இவற்றைக் கண்டு வீட்டார் கலங்கிவிடலாகாது. நோய் முற்றியதன் அடையாளம் அல்ல இவை.

குரல் போய்விடுமோ என்பது பலரின் அச்சம். குரல்வளையையே அகற்றும் அறுவை வேறு. கழுத்துக் கணுக்களை அகற்றும் அறுவை வேறு. நம் அன்பருக்குப் பேச்சு சற்றுக் குழறியது நாக்கில் நடந்த அறுவையால். பயிற்சியால் அது தெளிந்து வருகிறது. கழுத்தும் காதருகும் மரத்துப்போதல், வீக்கம், கழுத்து இறுகுதல், உதட்டோரம் சற்றே கோணுதல் ஆகியன வரலாம். இவற்றுட் பல மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். மரத்தல் சிலருக்கு நிலைத்துவிடும். தலையை உயர்த்திப் படுப்பது வீக்கத்தைக் குறைக்கும். ஆனால், கழுத்து திடீரெனப் பருத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, இரத்தம் கசிந்தாலோ, காய்ச்சலும் சீழும் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இனித் தோளைப் பற்றி. நரம்பைக் காத்தாலும் அது சோர்ந்துபோய், கையைத் தலைக்குமேல் தூக்க முடியாத நிலை சில மாதங்கள் இருக்கலாம். வலிக்கிறதே என்று கையை மடியில் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து அன்றாடம் பயிற்சி செய்யவேண்டும். நம் அன்பர் சுவரருகே நின்று விரல்களால் மேலே மேலே ஏறிச்செல்வார். எட்டிய இடத்தை அவர் மகள் கரியால் கோடிட்டு வைப்பாள். இரண்டு மாதத்தில் கோடுகள் ஒரு முழம் உயர்ந்ததை நானே கண்டேன்.

அகற்றிய கணுக்களைச் சோதித்து, நோய் இருப்பின், கதிர்வீச்சும் தருவர். பொதுவாக அறுவைக்குப்பின் ஆறு வாரத்திற்குள் தொடங்கி, வாரம் ஐந்து நாளாக ஏறத்தாழ ஆறு வாரம் நடைபெறும். வாய் வறளும், புண்ணாகும், சுவை மாறும். ஆதலின் பல் மருத்துவரை முன்னரே காணவேண்டும்; சிகிச்சையைப் பாதியில் நிறுத்தலாகாது. முடிந்தபின்னும் ஐந்தாண்டுகளுக்குக் குறித்த நாட்களில் சோதனைக்குச் செல்லவேண்டும்.

ஆரணியில் வாழும் நமக்கு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அண்மையில் உள்ளது. காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தோற்றுவித்த புற்றுநோய் நிலையம் உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உடையோர், எந்தெந்தச் சிகிச்சைக்கு அது உதவும் என மருத்துவமனையில் முன்னதாகவே விசாரியுங்கள். தறியை விற்றுவிட்டுப் பிறகு விசாரிப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

நம் அன்பர் மீண்டும் தறிக்குழியில் இறங்கிவிட்டார். முன்போல் நாள் முழுதும் நெய்ய முடிவதில்லை. முற்பகலில் மட்டும் நெய்கிறார், பிற்பகலில் மகன் அமர்கிறான். நோய் மறுபடி வராது என்று எந்த மருத்துவரும் அவருக்கு உறுதி கூறவில்லை. "நாலு மாதம் வீணாக்கினேன், சாமி" என்பதே அவரது ஒரே வருத்தம்.

அவ்வருத்தம் உங்கள் வீட்டுக்கு வரவேண்டாம். வாயில் இரண்டு வாரத்திற்குமேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி இவற்றுள் ஏதேனும் கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். தனியே செல்ல அஞ்சினால் என்னை அழையுங்கள், உடன் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பங்குத் தந்தை