கூடு மட்டும் போதுமா?



அண்மையில் ஜொகூர், குளுவாங்கில் என் மாணவன் ஒருவனின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கூடத்துச் சுவரில் பழைய யுங்ஹான்ஸ் கடிகாரம் ஒன்று. ஜெர்மனியின் சிராம்பர்க் நகரில் 1861இல் தொடங்கப்பெற்ற நிறுவனம் அது. தோட்டத்தில் பால்மரம் சீவிய பூட்டனார் வாங்கியதாம். கடைந்தெடுத்த தூண்கள், செதுக்கிய மகுடம், கண்ணாடிக் கதவு என மரக்கூடு பளபளத்தது. ஊசல்தான் அசையவில்லை. உள்ளே மின்கலத்தில் ஓடும் சிறு கருவி!

"பழைய பொறியைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார், ஐயா. சாவி கொடுக்க யாருக்கு நேரம்?" என்றார் தந்தை.

எனக்கு இதில் உடன்பாடில்லை. அக்கூடு வெறும் அழகுக்காக அமைந்ததன்று. ஊசலின் நீளத்திற்கேற்பவே அதன் உயரம். தூசியையும் காற்றையும் தடுக்கவே கண்ணாடிக் கதவு. பொறியை நீக்கிவிட்டுக் கூட்டைப் போற்றுவது, வீணையின் நரம்புகளை அறுத்துவிட்டுக் குடத்தைத் துடைத்து வைப்பது போன்றது.

மூன்றாம் ஆண்டு மாணவர்க்குக் 'காலமும் நேரமும்' கற்பிக்கையில் இதனினும் சிறந்த பயிற்றுத்துணைப்பொருள் உண்டோ? ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78 அடிகள். அரை மணிக்கு ஒன்றாக 12 சேர்த்தால் 90. நாளொன்றுக்கு 180. மாணவர்கள் இதைக் காதால் கேட்டே சரிபார்க்கலாம்.

1981 டிசம்பர் 31 இரவு, தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னகர்த்தப்பட்டது. அப்போது நானும் மூன்றாம் ஆண்டுதான். 11.30க்கு ஒற்றை மணி ஒலித்ததும் அப்பா நாற்காலியில் ஏறி, பெரிய முள்ளை மெல்ல 12க்குத் தள்ளினார். பன்னிரண்டும் அடித்து ஓயும்வரை கையை எடுத்துக் காத்திருந்தார். எண்ணிக்கைச் சக்கரம் கொண்ட கடிகாரத்தில் அவசரப்பட்டால் முள் ஒரு மணி காட்டும், ஓசை வேறு மணி சொல்லும். அரை மணி நேரம் எங்கே போனது என்று நான் கேட்டது நினைவிருக்கிறது. அப்பா சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை.

சாவி கொடுப்பது பெருஞ்சுமையன்று. இவ்வகைக் கடிகாரங்களில் பெரும்பாலானவை எட்டு நாள் ஓடுபவை. ஞாயிறு காலை இரு துளைகளிலும் முறுக்கினால் போதும். நின்றுபோனவற்றுள் பலவற்றுக்குக் காரணம் உலர்ந்த எண்ணெயும் அழுக்குமே. அறிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவாக்கலாம்.

விடைபெறும்போது பையன், "ஐயா, இது ஏன் ஆடவில்லை?" என்று ஊசலைக் காட்டிக் கேட்டான். பழைய பொறி இன்னும் அக்கடையில் இருக்கிறதா என்று விசாரிக்குமாறு அவன் தந்தையிடம் சொல்லிவந்தேன்.