வைரஸ் புதுசா, டெஸ்ட் புதுசா?

2025 ஜனவரி முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு ஹெச்.எம்.பி.வி, அடுத்து சென்னை, சேலம் என்று செய்தி வந்ததுமே, 'மறுபடியும் லாக்டௌனா?' என வாட்ஸ்அப் குரூப்கள் அலறின. அந்தப் பெங்களூர் குழந்தைகள் இருவருமே வெளிநாடு போனவர்கள் இல்லை. அப்போ வைரஸ் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரலை... இங்கேயேதான் இருந்தது.

நெதர்லாந்து விஞ்ஞானிகள் இந்த வைரஸைக் கண்டுபிடித்தது 2001-ல். 1958-லேயே எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பிறகு சோதித்தால், அவற்றிலும் இதற்கான ஆன்டிபாடி! நம் பாட்டிமார் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்த சளிக்காய்ச்சல்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

இருமுகிற அத்தனை பேருக்கும் டெஸ்ட் எடுப்பது நடக்கிற காரியமா? தேவையும் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில், கடந்த 10 நாள்களுக்குள் 100.4 டிகிரி காய்ச்சலும் இருமலும் வந்தவர்களில் சிலரிடம் மூக்கு, தொண்டையிலிருந்து மாதிரி எடுப்பார்கள். அட்மிட் ஆகிற அளவுக்கு மோசமானவர்கள் தனிக் கணக்கு. ஒரே மாதிரியில் பல வைரஸ்களைத் தேடலாம். பெங்களூர் குழந்தைகளின் தொற்றும் ஐ.சி.எம்.ஆரின் இந்த வழக்கமான கண்காணிப்பில்தான் தெரியவந்தது.

அதனால், 'இத்தனை பேருக்குத் தொற்று' என்ற தலைப்பை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். டெஸ்ட் கூடினால் எண்ணிக்கையும் கூடும். சோதித்த 100 பேரில் எத்தனை பேருக்கு, போன வாரத்தைவிட அதிகமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த வலையில் பெரிய ஓட்டை, நம்ம தெருமுனை மெடிக்கல் ஷாப். 'அண்ணா, சளி, காய்ச்சலுக்கு ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க' என்று கேட்டால், சில கடைகளில் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தே வரும். வைரஸை அது ஒன்றும் செய்யாது என்பது ஒருபக்கம். அந்தக் காய்ச்சல் எந்தக் கணக்கிலும் ஏறாது என்பது இன்னொரு பக்கம். 2023 மார்ச்சில் ஹெச்3என்2 ஃப்ளூ பரவியபோது தமிழக அரசு ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. மருத்துவமனைக்கு வராதவர்களைத் தேடிப் போகிற வழி அது.

பக்கத்து பெஞ்ச் பையனிடம் வாங்கி வந்த இருமல் பேரனுக்கு நாலு நாளில் சரியாகிவிடும். வீட்டில் ஆஸ்துமா இருக்கிற பாட்டிக்கு அது தொற்றினால்தான் சிக்கல். பாட்டி அட்மிட் ஆகி, மாதிரி எடுத்து, வைரஸின் பெயர் தெரியவருவதற்குள், பேரனின் வகுப்பில் பாதிப் பேர் இருமி முடித்திருப்பார்கள்.