கோபுரத்தடியில் ஞாயிற்றுக்கிழமை

ஹாங்காங்குக்கு வரும் நம்மூர்க்காரர்கள் எல்லோரும் செண்ட்ரல் கடற்கரையில் நின்று ஐஎஃப்சி இரண்டாம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் அந்த இடத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும், குனிந்து பார்க்க வேண்டும்.

சீசர் பெல்லி வடிவமைத்த கோபுரம். 2003இல் கட்டி முடித்தார்கள். 400 மீட்டருக்கு மேல் உயரம். இங்குள்ள நாணய ஆணையம் 370 கோடி ஹாங்காங் டாலர் கொடுத்து இதில் 14 மாடிகளை வாங்கியது. பேட்மேன் படம் ஒன்றில் கதாநாயகன் இதன் உச்சியிலிருந்துதான் குதிக்கிறான். அடியில் விமான நிலைய விரைவு ரயிலின் நிலையம், அதன்மேல் கடைவளாகம், கடைகளுக்கு மேலே எதுவும் வாங்காமலே யாரும் போய் உட்காரக்கூடிய மொட்டைமாடித் தோட்டம். ரயில், கடை, அலுவலகம் மூன்றையும் ஒரே இடத்தில் அடுக்கிய அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நானும் மெச்சுகிறேன். பக்கத்துக் கட்டடம் ஒன்றில்தான் எனக்குத் தணிக்கை வேலை. மழை நாளில் தலை நனையாமல் நடைமேம்பாலம் வழியாகவே அலுவலகம் போய்விடுவேன்.

அதே மேம்பாலங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க ஓர் ஒற்றையடிப் பாதைதான் மிஞ்சும். இரு பக்கமும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, பிலிப்பைன்ஸ் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சோற்று டப்பா, சீட்டாட்டம், நகப்பூச்சு, ஊரில் இருக்கும் பிள்ளையோடு வீடியோ அழைப்பு. ஒரு மூலையில் ஊருக்கு அனுப்பும் பெரிய பெட்டியில் சோப்பும் சாக்லேட்டும் அடுக்கிக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் வீட்டு வேலைக்கு வந்தவர்கள். நகரம் முழுவதும் இப்படி மூன்று லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள்.

'பார்க்க நன்றாகவா இருக்கிறது?' என்று என் அலுவலக நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் பெண்களுக்கு வேறு போக்கிடம் எது? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது சட்டம். முதலாளி வீட்டில்தான் தங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியதும் அதே அரசுதான், இந்தக் கோபுரம் எழுந்த அதே 2003இல். எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணின் அறையில் கட்டில் போட்ட பிறகு கதவு முழுதாகத் திறக்காது. விடுமுறை நாளில் அவர் அங்கே இருந்தால், 'கொஞ்சம் இந்தக் குழந்தையைப் பிடி' என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டோம். அதனால்தான் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்.

கோபுரம் நிற்கும் இந்த நிலம் ஒன்றும் யார் பாட்டன் சொத்தும் இல்லை. 1990கள் வரை கடலாக இருந்தது. பொதுத்தேவை, ரயில் நிலையம் என்று சொல்லித்தான் தூர்த்தார்கள். பிற்பாடு இன்னும் தூர்த்தபோது, மக்கள் மறியல் செய்தும் கேளாமல், 2006இல் பழைய ஸ்டார் ஃபெர்ரி துறையை மணிக்கூண்டோடு இடித்தார்கள். இப்போது கோபுரத்துக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மனையை 2021இல் 5,080 கோடி ஹாங்காங் டாலருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கட்டமாக வரப்போகும் அந்த வளாகத்தின் வேலை 2032 வரை நடக்குமாம். திறந்தவெளி நிறைய உண்டு என்று வரைபடம் காட்டுகிறார்கள். அந்தத் திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் பகல் முழுக்க உட்கார்ந்தால் நிழல் போதுமா, கழிப்பறை எத்தனை, குடிதண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டால்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வரும். அலங்காரச் செடித்தொட்டிகளை வரிசையாக வைத்து உட்கார முடியாதபடி ஆக்குவதும் திறந்தவெளிக் கணக்கில்தான் வரும்.

இதை அந்தப் பெண்கள் கேட்க முடியாது. வேலை விசாவில் வந்த நான் ஏழு ஆண்டு இருந்ததும் நிரந்தர வசிப்புரிமை பெற்றேன், தேர்தலில் வாக்களிக்கிறேன். எங்கள் வீட்டுப் பெண் எனக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவர். அவரைப் போன்றவர்களுக்கு எத்தனை ஆண்டானாலும் அந்த உரிமை கிடையாது என்று 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே கடலோரத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்டு அறிவிப்பு வரும்போதெல்லாம் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் எழுதிப்போட வேண்டும்: மேற்கூரையும் பெஞ்சும் கழிப்பறையும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கணக்கிட்டுக் கட்டப்பட வேண்டும், அது மனை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக இருக்க வேண்டும் என்று.