சாரலும் கையெழுத்தும்

ஜூன் மாதம் பிறந்து மலையில் மேகம் இறங்கிவிட்டால் குற்றாலத்துக்குத் திருவிழாதான். மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் வரிசை கட்டி நிற்கும். தென்காசி வரைக்கும் சாரல் வந்து முகத்தில் தெளித்துவிட்டுப் போகும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதும் இல்லை.

வீட்டில் புத்தக அலமாரி வைத்திருப்பவருக்கு மட்டும் அந்தச் சாரல் கொஞ்சம் கலக்கம் தரும். அலமாரியைத் திறந்தால் ஒரு முசுட்டு வாசனை வரும். அட்டை லேசாகப் பிசுபிசுக்கும். உள்ளே நாற்பது வருடத்துக்கு முன் வாங்கிய ஒரு நாவல் இருக்கும். அதன் முதல் பக்கத்தில் நீல மையில் 'அன்புடன்' என்று எழுதி, எழுத்தாளரே போட்ட கையெழுத்து. அந்த மை இந்த வருடமும் கலையாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் கலக்கம்.

குற்றாலம் கற்றுத் தந்த பாடம்

கையெழுத்தின் அருமை இந்த ஊருக்குப் புதிதல்ல. ரசிகமணி டி.கே.சி. என்று தமிழர்கள் கொண்டாடும் டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) தம் பிற்கால வாழ்க்கையைக் கழித்தது குற்றாலத்தில்தான். ராஜாஜி, கல்கி, நீதிபதி மகாராஜன், பாஸ்கரத் தொண்டைமான் என்று அவரைச் சுற்றி ஒரு பெரிய நண்பர் கூட்டமே இருந்தது. கம்பன் பாட்டு ஒன்றை அவர் சொல்லிக் காட்டினால் சாப்பாட்டு நேரத்தைக்கூட மறந்து கேட்டிருப்பார்கள்.

அவர் எழுதி அச்சில் வந்ததைவிடப் பேசியது அதிகம். பேச்சு காற்றோடு போய்விடும். ஆனால் நண்பர்களுக்கு ஏராளமான கடிதங்கள் எழுதினார். ரசனையும் நையாண்டியும் நலம் விசாரிப்பும் கலந்த கடிதங்கள். பெற்றவர்கள் அவற்றைப் படித்துவிட்டுத் தூக்கிப் போடவில்லை. பத்திரப்படுத்தினார்கள். அதனால்தான் பிறகு அவை தொகுக்கப்பட்டுப் புத்தகமாக வந்தன. இன்றைக்கு டி.கே.சி.யின் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர் அந்தக் கடிதங்களைத்தான் தேடிப் போகிறார்.

ஒரு கடிதத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். அது கையில் இருந்தவர் அலட்சியமாக இருந்திருந்தால், அதோடு கதை முடிந்திருக்கும்.

குறைந்த பிரதி என்றால் என்ன?

'லிமிடெட் எடிஷன்' என்பது இத்தனை பிரதிகள்தான் என்று அச்சடிக்கும்போதே முடிவு செய்துவிடும் பதிப்பு. பல பதிப்புகளில் ஒவ்வொரு பிரதிக்கும் எண் இருக்கும். 23/100 என்றால் நூறு பிரதிகளில் இருபத்து மூன்றாவது என்று பொருள். ஆசிரியரோ ஓவியரோ அதில் கையெழுத்திடுவதும் உண்டு. ரவீந்திரநாத் தாகூரின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி 1931-ல் கல்கத்தாவில் வெளியான பாராட்டு மலர் 1500 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டது.

இந்தியாவின் புகழ்பெற்ற குறைந்த பிரதி எது தெரியுமா? அரசியல் சாசனம்தான். பிரேம் பிஹாரி நாராயண் ராய்சாதா கையால் எழுத, நந்தலால் போஸ் குழுவினர் ஓவியம் தீட்டிய மூலப்படியில், 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். அதை அப்படியே படமெடுத்து டேராடூனில் உள்ள சர்வே ஆஃப் இந்தியா அச்சகத்தில் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார்கள். மூலப்படி இன்று நாடாளுமன்ற நூலகத்தில், நைட்ரஜன் வாயு நிரப்பிய கண்ணாடிப் பேழையில் இருக்கிறது.

புத்தகம் சேகரிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடமும் இதிலேயே இருக்கிறது. அந்த ஆயிரம் பிரதிகளில் இருப்பவை அச்சான கையெழுத்துகள். பேனா மை பட்டது மூலப்படியில் மட்டும்தான். பழைய புத்தகத்தில் கையெழுத்தைக் கண்டதும் துள்ள வேண்டாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பேனா பட்டிருந்தால் காகிதத்தில் அழுத்தமோ, மை சற்றே ஊறிய தடமோ தெரியும். அச்சு என்றால் சீராக, பல சமயம் புள்ளி புள்ளியாக இருக்கும்.

தமிழிலும் இந்த வழக்கம் உண்டு. 2014 முதல் 2020 வரை ஜெயமோகன் 26 நாவல்களாக எழுதிய வெண்முரசு வரிசையில், முன்பதிவு செய்தவர்களுக்காக கெட்டி அட்டையும் வண்ண ஓவியங்களும் கொண்ட செம்பதிப்புகள் வந்தன. ஆசிரியரின் கையெழுத்தோடு அவற்றை வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு.

பாரதி போட்ட கணக்கு

தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். 1920-ல் அங்கிருந்தபோது பாரதி போட்ட கணக்கு இதற்கு நேர் எதிரானது. தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதிகளாக அச்சிட அவர் திட்டமிட்டார். மொத்தம் நான்கு லட்சம் பிரதிகள்! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு விற்றுப்போகும் என்று நம்பினார். திட்டம் கைகூடவில்லை. அடுத்த வருடமே அவர் மறைந்தார். எல்லோர் கையிலும் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். இன்று அவர் காலத்து முதல் பதிப்பு ஒன்று கிடைத்தால் அது புதையல்.

தமிழில் பெரும்பாலான புத்தகங்கள் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள்தான் அச்சாகி வந்தன. பிறகு கரையான் கொஞ்சம் தின்னும். மழை கொஞ்சம் நனைக்கும். வீடு மாற்றும்போது கொஞ்சம் போகும். ஐம்பது வருடத்தில் அந்தப் புத்தகம், யாரும் அறிவிக்காமலே லிமிடெட் எடிஷன் ஆகிவிடும். அதில் கையெழுத்திட்ட பிரதி எத்தனை மிஞ்சியிருக்கும்? ஒன்றோ இரண்டோ.

சாரலில் காப்பது எப்படி?

காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

அலமாரியை மழை அடிக்கும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. நாலு விரல் இடைவெளி வேண்டும். புத்தகங்களைத் திணித்து அடுக்காமல், காற்று புகும்படி நிறுத்தி வைக்க வேண்டும். சாரல் ஓய்ந்து வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்துவிடலாம். புத்தகத்தை மட்டும் வெயிலில் போடக் கூடாது. மை வெளுக்கும், தாள் நொறுங்கும். நனைந்துவிட்டால் ஒட்டிய பக்கங்களைப் பிரித்து இழுக்காமல், நிழலில் நிறுத்தி மின்விசிறிக் காற்றில் காயவிட வேண்டும்.

அட்டை முதல் அட்டை வரை நேராகத் துளைத்துக்கொண்டு போகும் பூச்சிக்கு நம் ஊரில் பெயர் இராமபாணம். கம்பனைக் கொண்டாடிய ஊரிலும் இந்த பாணத்துக்கு மட்டும் வரவேற்பு கிடையாது! அதை விரட்ட அந்தக் காலத்தில் ஏட்டுச் சுவடிகளோடு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு ஆகியவற்றைத் துணியில் முடிந்து வைத்தார்கள். இன்றும் வைக்கலாம், புத்தகத்தின் மேல் படாமல்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டக் கூடாது. சில வருடங்களில் அதன் பசை பழுப்பாகித் தாளையும் கெடுக்கும். கையெழுத்துப் பக்கத்தை லேமினேட் செய்வது அதைவிட மோசம். அலமாரித் தட்டில் செய்தித்தாள் விரிப்பதும், புத்தகத்துக்குள் பத்திரிகைத் துணுக்கு வைப்பதும் பழக்கம்தான். ஆனால் அந்தத் தாளில் உள்ள அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கிவிடும்.

சரஸ்வதி பூஜை நல்ல தருணம். சாரல் முடிந்து, வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன்னால் வருகிற நாள் அது. எல்லாப் புத்தகத்தையும் இறக்கித் தூசி தட்டி, பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். சந்தனமும் குங்குமமும் மட்டும் புத்தகத்தின் மேல் வேண்டாம். மேலே சுற்றிய வெள்ளைத் தாளில் வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அப்பா போன பிறகு

இத்தனையும் செய்து காத்த புத்தகத்துக்கும் ஒரு ஆபத்தான நாள் உண்டு. சேகரித்தவர் கண்மூடி, வீட்டை ஒழிக்கும் நாள். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். இரண்டு நாள் லீவில் வந்திருப்பார்கள். எது சாதாரணப் பிரதி, எது கையெழுத்திட்ட பிரதி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வந்த ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்தவை லட்சத்தைத் தாண்டும். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் உருவானது. அவருக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. எல்லா வீட்டு அலமாரியையும் தேடிப் பல்கலைக்கழகம் வராது.

அதற்கு ஒரு துண்டுத்தாள் போதும். யார் கையெழுத்து, எந்த வருடம், எந்த ஊரில், எந்தச் சந்தர்ப்பத்தில் வாங்கியது என்று நல்ல வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதிப் புத்தகத்துக்குள் வைக்க வேண்டும். கையெழுத்துப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அந்தக் கதையையும் நாலு வரி சொல்லிவிட வேண்டும். நூலகத்துக்குத் தருவதாக இருந்தால், முத்திரை குத்தி இரவல் கொடுப்பார்களா, தனியே வைத்துக் காப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

தென்காசித் தெருவில் 'பழைய பேப்பர்...' என்று குரல் கொடுத்தபடி வண்டி வரும். தராசில் கையெழுத்துக்கு எடை கிடையாது. 'இது தாத்தாவுக்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாம், இதைப் போடாதீங்கம்மா' என்று சொல்ல, அந்த நேரத்தில் வீட்டில் ஒரு பேத்தியாவது இருக்க வேண்டும்.