விற்பனை ஜாபிதாவும் செய்தவன் பெயரும்

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டு யந்திரங்களுக்கென்று அதிகமாக விற்பனையானவற்றின் ஜாபிதாக்கள் பல வழங்கி வருகின்றன. அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி 1977-ம் வருஷம் வெளியிட்ட யந்திரத்துக்கும் அத்தகைய ஜாபிதா ஒன்று உண்டு. அதில் தலைமை ஸ்தானம் 'பாக்-மேன்' என்ற விளையாட்டுக்கு. 1982-ல் வெளிவந்து 70 லட்சத்துக்கு மேல் விற்றது. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 'பிட்ஃபால்' முதலியவை பின்தொடர்கின்றன. எத்தனை விற்றது, எந்தக் கம்பெனி விற்றது என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. யார் செய்தது என்பது மட்டும் பெரும்பாலும் இல்லை. இந்தக் குறை தற்செயலாக நேர்ந்ததென்று நாம் கருதவில்லை. அது ஒரு கொள்கையாகவே அனுஷ்டிக்கப்பட்டது. அந்தக் கொள்கையை உடைத்தெறிந்ததும் இப்படிப்பட்ட ஒரு விற்பனை ஜாபிதாவே என்பதுதான் வேடிக்கை.

அந்த யந்திரத்தின் தன்மையை வாசகர்கள் சிறிது அறிந்துகொள்வது அவசியம். அதன் ஞாபகசக்தி 128 எழுத்துக்குரிய இடமே. இந்தப் பத்தியில் நாம் அச்சிட்டிருக்கும் எழுத்துக்களைவிடக் குறைவு. ஒரு முழுச் சித்திரத்தைச் சேமித்துவைக்க அதில் இடமில்லை. ஆகவே தொலைக்காட்சித் திரையில் ஒளிக்கீற்று ஒவ்வொரு கோடாக ஓடும்போதே, அடுத்த கோட்டில் இன்னது தோன்றவேண்டுமென்று கணக்குப் பிசகாமல் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அக்காலத்தில் கற்பனை, சித்திரம், ஓசை, கணிதம் அத்தனையும் ஒரே மனிதனுடைய வேலை. பல மாதங்கள் தனியே உட்கார்ந்து ஒருவன் ஒரு விளையாட்டைச் செய்து முடித்தான். நூலுக்கு ஆசிரியன் எப்படியோ, இதற்கு அவன் அப்படி. ஆயினும் பெட்டியின்மேல் கம்பெனியின் முத்திரை மட்டுமே இருந்தது. பெயர் தெரிந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் அதிகச் சம்பளம் காட்டி ஆளை இழுத்துக்கொண்டு போவான் என்ற பயமும் முதலாளிகளுக்கு இருந்தது. திறமையை ஒளித்துவைத்தால் அதன் விலை ஏறாது என்பது பழைய வியாபாரத் தந்திரந்தானே!

1979-ல் அட்டாரியின் விற்பனை இலாகாவார் எந்தெந்த விளையாட்டு எவ்வளவு விற்றது என்று கணக்கெடுத்து, அதைத் தங்கள் சிருஷ்டிகர்த்தாக்களிடையே சுற்றுக்கு விட்டார்கள். 'இவை நன்றாக விற்கின்றன, இவை போன்றவற்றையே செய்யுங்கள்' என்று புத்தி சொல்வதே அவர்கள் நோக்கம். டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி காப்லன் என்ற நால்வர் அதை வேறுவிதமாகப் படித்தார்கள். தாங்கள் செய்தவை எவையென்று அவர்களுக்குத் தெரியும். கூட்டிப் பார்த்தபோது, மொத்த விற்பனையில் சுமார் 60 சதவிகிதம் தங்கள் நால்வருடைய வேலையிலிருந்தே வந்ததென்று கண்டதாகக் கிரேன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். விற்பனை கோடிக்கணக்கான டாலர். அவர்களுக்குக் கிடைத்ததோ மாதச் சம்பளம் மட்டும்.

நால்வரும் தலைவர் ரே கஸ்ஸாரிடம் சென்று, புஸ்தக ஆசிரியருக்கும் சங்கீத வித்வானுக்கும் கொடுப்பதுபோல் விற்பனையில் ஒரு சிறு பங்கும், பெட்டியில் பெயரும் கேட்டார்கள். மிஸ்டர் கஸ்ஸார் துணி வியாபாரத்திலிருந்து வந்தவர். பர்லிங்டன் என்ற பெரிய நெசவுக் கம்பெனியில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். விளையாட்டைச் செய்கிறவன் துவாலைக்குப் பூப்போடும் சித்திரக்காரனைப் போன்றவன் என்றும், தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டுகிறவனைவிட அவன் எவ்விதத்திலும் மேலானவன் அல்ல என்றும் அவர் பதிலளித்ததாகக் கிரேன் சொல்கிறார்.

இந்தப் பதிலை நாம் சற்று நின்று ஆராய விரும்புகிறோம். முதலாளி தரப்பில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். பணத்தைப் போட்டவன், நஷ்டம் வந்தால் தாங்குகிறவன், விளம்பரம் செய்து கடைதோறும் சரக்கைச் சேர்ப்பித்தவன் கம்பெனிக்காரனே. பாகங்களைப் பூட்டிய தொழிலாளியின் உழைப்பும் உழைப்பே. அதில் நமக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் மிஸ்டர் கஸ்ஸார் தொழிலாளியின் பெயரை எடுத்தது அவனை உயர்த்துவதற்காகவா? அவனுக்குக் கொடுக்காததை உங்களுக்கும் கொடுக்கமாட்டேன் என்று சொல்வதற்கே அவன் அங்கே பயன்பட்டான். ஒருவனுக்கு இழைத்த அநீதியை மற்றொருவனுக்கு இழைக்கும் அநீதிக்கு முன்னுதாரணமாகக் காட்டும் வாதம் இது. துவாலைக்குப் பூப்போடும் சித்திரக்காரன் பெயரையும் துவாலையின் ஓரத்தில் போட்டால் யாருக்கு என்ன கெட்டுவிடும்?

நால்வரும் வெளியேறி, அதே வருஷம் ஆக்டிவிஷன் என்ற சொந்தக் கம்பெனியை ஸ்தாபித்தார்கள். அதுவரை யந்திரம் விற்பவனே விளையாட்டும் விற்பது வழக்கம். அட்டாரி 1980-ல் வழக்குத் தொடர்ந்தது. 1982-ல் அது சமரசத்தில் முடிந்தது. பிறர் யந்திரத்துக்கு விளையாட்டுச் செய்து விற்கும் உரிமை இவ்விதம் நிலைபெற்றது. ஆக்டிவிஷன் தன் வெளியீடுகளில் செய்தவர் பெயரைப் பிரசுரித்தது. கூட வரும் சிறு புஸ்தகத்தில் அவர் படமும், ஆடுகிறவர்களுக்கு அவர் கூறும் யோசனையும் இருந்தன. கிரேன் செய்த 'பிட்ஃபால்' 40 லட்சத்துக்கு மேல் விற்று, எந்த யந்திரத்தின் ஜாபிதாவில் தம் பெயர் மறைக்கப்பட்டதோ அதே ஜாபிதாவில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தது.

வெளியே போகாமல் உள்ளேயிருந்தே சத்தியாக்கிரகம் செய்தவர் ஒருவரும் உண்டு. வாரன் ராபினெட் என்பவர் 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டைச் செய்தபோது, யாருக்கும் சொல்லாமல் அதனுள் ஒரு ரகசிய அறையை அமைத்து, அதில் தம் பெயரை எழுதிவைத்தார். கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு புள்ளியை எடுத்துச் சென்றால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். கம்பெனி அறியாமலே விளையாட்டு அச்சாகி வெளிவந்தது. அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு சிறுவன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்கே கடிதம் எழுதிய பின்புதான் எஜமானர்களுக்குச் சங்கதி தெரிந்தது. தான் செய்த பொருளில் தன் பெயரைத் திருடனைப் போல் ஒளித்துவைக்கும் நிலைமைக்கு ஒருவனைக் கொண்டுவந்த ஏற்பாட்டைப் பற்றி நாம் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

நால்வர் போனதைக் கண்டு மற்றவர்களும் போகத் தலைப்பட்டார்கள். 1981-ல் இமாஜிக் என்ற மற்றொரு கம்பெனியும் அட்டாரியின் ஆட்களாலேயே தோன்றியது. அதற்குப் பிறகே அட்டாரி விற்பனைக்குத் தக்க வெகுமதி கொடுக்க இசைந்தது. ஆனால் மிஞ்சியிருந்தவர்களைக் கொண்டு அவசர அவசரமாகச் சரக்குத் தள்ளும் வழக்கத்தை விடவில்லை. முதலிடம் பெற்ற 'பாக்-மேன்' ஜப்பானில் நாம்கோ கம்பெனி 1980-ல் செய்த மூலத்தின் மங்கலான நகல். நான்கு பூதங்களையும் ஒரே சமயத்தில் காட்ட முடியாமல் மாற்றி மாற்றிக் காட்டியதால் அவை மினுக்கிக்கொண்டே இருந்தன. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள், எண்ணிக்கையோ ஏறியது. 'ஈ.டி.' என்ற சினிமாவின் பெயரால் வந்த விளையாட்டைச் செய்ய ஹோவார்ட் ஸ்காட் வார்ஷா என்பவருக்குக் கொடுத்த அவகாசம் ஐந்தே வாரம். அதிகம் விற்றவற்றில் அதுவும் சேர்ந்ததுதான்; ஆனால் விற்காமல் தேங்கியதும் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியதும் ஏராளம். 1983-ல் நியூ மெக்ஸிகோவின் ஆலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் அட்டாரி தன் சரக்கை லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. 2014-ல் அதைத் தோண்டியபோது, நன்றாக விற்ற விளையாட்டுக்களும் அந்த மண்ணிலிருந்து வெளிவந்தன. மிஸ்டர் கஸ்ஸார் 1983-லேயே பதவியிலிருந்து விலகிவிட்டார். ஐந்து வாரத்தில் செய்யச் சொன்னவர்கள் யாரென்று பலருக்கு நினைவில்லை. செய்த வார்ஷாவின் பெயரைப் பரிகாசம் செய்ய மட்டும் உலகம் மறக்கவில்லை.

பெயர் கேட்டுப் பிறந்த ஆக்டிவிஷனோ, பல கைகள் மாறி, பல கம்பெனிகளை விழுங்கி, 2023-ல் சுமார் 6,900 கோடி டாலருக்கு மைக்ரோஸாப்ட்டின் உடைமையாயிற்று. அதன் 'கால் ஆஃப் டியூட்டி' என்ற வரிசை, அமெரிக்காவின் விற்பனை ஜாபிதாவில் பல வருஷங்கள் முதலிடம் பெற்றது. அந்த வரிசைக்கு உழைக்கும் ரேவன் என்ற கிளை ஸ்தாபனத்தில், விளையாட்டைச் சோதித்துப் பிழை பொறுக்கும் ஊழியர்களில் ஒரு பகுதியினரை 2021 டிசம்பரில் நீக்க முற்பட்டார்கள். மற்றவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். 2022 மே மாதம் வோட்டு எடுக்கப்பட்டது. சங்கம் வேண்டும் என்றவர்கள் 19 பேர். வேண்டாம் என்றவர்கள் 3 பேர்.