பெட்ரோல் காரா? டீசல் காரா?



கார் வாங்குவதைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பெண் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். "பொம்பளப் புள்ளைக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும், போய்ப் படி" என்றார்கள். படித்தேன். படித்ததைத்தான் எழுதுகிறேன்.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு கார் வாங்கப் போகிறார்கள். பாதிப் பணம் கையில் இருக்கிறது, மீதி பேங்க் லோன். டீக்கடையில் யாரைக் கேட்டாலும் "டீசல் எடுங்க, மைலேஜ் கொடுக்கும், இன்ஜின் மாடு மாதிரி உழைக்கும்" என்கிறார்கள். ஊரே சொல்லிவிட்டால் அது சரியாகிவிடுமா? நான் பெட்ரோல் கட்சி.

டீசல்தான் சிக்கனம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். அது ஒரு காலத்தில் உண்மைதான். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் டீசலில் ஓடுவதால் அரசாங்கம் அதன் விலையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. பெட்ரோலை 2010 ஜூன் மாதமே சந்தை விலைக்கு விட்டுவிட்டார்கள். டீசலை 2014 அக்டோபரில்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு விலையும் கிட்டக் கிட்ட வந்துவிட்டன. 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் ஏறக்குறைய 101, டீசல் 92. வித்தியாசம் 32 ரூபாயிலிருந்து 9 ரூபாய்க்கு வந்தாச்சு. பேச்சு மட்டும் இன்னும் 2012-லேயே நிற்கிறது.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. ஒரே மாடலில் டீசல் வண்டி 1,20,000 ரூபாய் அதிகம் என்று பெரியப்பா விசாரித்து வந்தார். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கி.மீ., டீசல் 20 கி.மீ. கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன விலையில் பெட்ரோலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 31 காசு. டீசலுக்கு 4 ரூபாய் 60 காசு. மிச்சம் 1 ரூபாய் 71 காசு. அந்த 1,20,000 ரூபாயை இந்த 1 ரூபாய் 71 காசால் வகுத்துப் பாருங்கள். 70,000 கி.மீ. ஓடினால்தான் கூடுதலாகக் கொடுத்த பணமே திரும்ப வரும்!

நாங்கள் எவ்வளவு ஓட்டுவோம்? திண்டிவனம் 9 கி.மீ., வாரம் மூன்று தடவை. அமாவாசைக்கு மேல்மலையனூர். பாட்டியின் கண் வைத்தியத்துக்குப் புதுச்சேரி. இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. தாராளமாகச் சேர்த்தாலும் மாதம் 600 கி.மீ. தாண்டாது. அப்படியானால் போட்ட பணம் திரும்ப 9 வருஷம் 9 மாதம் ஆகும். எனக்கு அப்போது 24 வயது! இதில் லோன் வட்டியை நான் சேர்க்கவே இல்லை. விலை மாறியிருந்தால் உங்கள் ஊர் பங்க் விலையை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், வழி இதேதான். (புதுச்சேரியில் வரி குறைவு என்று அங்கே போகும்போது டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறவர்களும் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.)

டீசல் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறார். சென்னை விமான நிலையம், திருப்பதி என்று மாதம் 3,000 கி.மீ. ஓடும். அவருக்கு இரண்டே வருஷத்தில் பணம் திரும்பிவிடும். அவர் டீசல் வாங்கியது சரி. அவரைப் பார்த்து நாங்களும் வாங்கினால் அது சரியில்லை.

டீசலுக்கு ஏன் மைலேஜ் அதிகம் என்பதும் சுவையான விஷயம். பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் இன்ஜினில் அது கிடையாது. வெறும் காற்றை உள்ளே போட்டு மிகவும் அழுத்துகிறார்கள். அழுத்த அழுத்தக் காற்று சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது. இப்படி அதிகமாக அழுத்துவதால்தான் எரிபொருளிலிருந்து அதிக வேலை வாங்க முடிகிறது. ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் சக்தியும் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல். இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் டீசல். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இந்த வகை இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்களாம். நம்ம ஊர்க் கடலைக்கு வந்த பெருமை!

ஆனால் புகை? என் முக்கியமான கவலை அதுதான். டீசல் எரியும்போது கண்ணுக்குத் தெரியாத கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அதிகம் வரும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவித்தது. எங்கள் பெரியம்மாவுக்கு ஆஸ்துமா. கார் நிற்கப்போவது அவர் படுக்கும் திண்ணைக்கு நாலடி தள்ளி. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து விட்டுவிட்டு எல்லோரும் கிளம்பும் வரைக்கும் அந்தக் காற்றை யார் சுவாசிப்பார்கள்?

"புது வண்டியில் புகையே வராது" என்று பெரியப்பா சொல்கிறார். பாதி உண்மை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. அதற்காகப் புது டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வைக்கிறார்கள். பிடித்த கரியை அந்த வடிகட்டி அப்பப்போ எரித்துவிட வேண்டும். அதற்கு நல்ல சூடு வேண்டும். வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடினால்தான் அந்தச் சூடு வரும். 9 கி.மீ. போய் நிறுத்தி, மறுபடி 9 கி.மீ. வந்து நிறுத்தினால் கரி அடைத்துக்கொண்டு முன்னால் விளக்கு எரியும். அப்புறம் மெக்கானிக், செலவு. நாங்கள் ஓட்டப்போவது அந்த மாதிரிதான்.

பழைய டீசல் கார் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. 2020 ஏப்ரலில் மாருதி நிறுவனம் டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் நான் சொன்ன வடிகட்டி கிடையாது. இன்ஜெக்டர், பம்ப் கெட்டுப்போனால் செலவும் பெட்ரோல் வண்டியைவிட அதிகம்.

பெட்ரோலிலும் குறை இருக்கிறது. மறைக்க மாட்டேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய பெட்ரோல் வண்டி வாங்குகிறவர்கள் அந்த வண்டிக்கு இது ஒத்துவருமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கரியமில வாயுவிலும், நான் போட்ட மைலேஜ்படி பார்த்தால், டீசல் வண்டி கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் விடும். அறிவியல் டீச்சர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். எலெக்ட்ரிக் கார் எங்கள் பட்ஜெட்டில் இல்லை, அதனால் அதை எழுதவில்லை.

உங்கள் வீட்டில் கார் இருந்தால், மாதம் எத்தனை கி.மீ. ஓடுகிறது என்று மீட்டரைப் பார்த்து இந்தத் தாளின் கீழே விட்டிருக்கும் இடத்தில் பென்சிலால் எழுதுங்கள். டீசல் கட்சிக்காரர்கள் கணக்கோடு வந்தால் அடுத்த மாத இதழில் பதில் எழுத நான் தயார். சும்மா "இன்ஜின் மாடு மாதிரி" என்று மட்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி